கடைசி மாத்திரையைத் தொடாதவர்

அவர் வீட்டில் எதுவும் தீர்ந்துபோனதே கிடையாது. அரிசியும் உப்பும் தீரும்போது ‘தீர்ந்தது’ என்ற சொல்லை வாயில் எடுக்காமல் ‘நிறைந்தது’ என்று சொல்லும் வழக்கம் எங்கள் வட்டாரத்து வீடுகளில் இன்றும் உண்டு. அதில் எனக்குக் குறையில்லை. அவர் அதைப் பற்பசைக்கும் சொன்னார். எரிவாயு உருளைக்கும் சொன்னார். இரவல் வாங்கிப்போன யாரோ ஓட்டித் தீர்த்துவிட்டுத் தந்த தம் ஸ்கூட்டரை ஒருநாள் அவர் தள்ளிக்கொண்டு வந்தபோது, என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“பெட்ரோல் நெறஞ்சு போச்சுங்க அம்மணி” என்றார், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல்.

பீளமேட்டில், மூடப்பட்டுவிட்ட ஒரு நூற்பாலையின் பழைய ஊழியர் குடியிருப்பில் நாங்கள் அண்டை வீட்டார். ஆலை போன பிறகு அந்த வரிசை வீடுகளை அங்கே வேலை பார்த்தவர்களே வாங்கிக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் வெளியாளாகிய நான் வாங்கினேன். எங்கள் இரு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் எந்தக் கரண்டி என்று சொல்லிவிடலாம். ஏதாவது வேண்டுமென்றால் அவர் அந்தச் சுவரில் மூன்று முறை தட்டுவார். அழைப்புமணி இருந்தது, அதை அமுக்கினால் அதன் பாட்டரி ‘நிறைந்துவிடும்’ என்ற கவலை அவருக்கு.

ஆலையின் உதிரிப்பொருள் கிடங்கைப் பல்லாண்டு காலம் கட்டிக்காத்தவர் என்பதால் குடியிருப்பு முழுவதற்கும் அவர் ‘ஸ்டோர்ஸ்காரர்’. பெயரைச் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. கிடங்கு பூட்டப்பட்டுப் பல வருடங்கள் ஆன பின்னும் அவர் மனத்தளவில் அதன் கம்பிச் சாளரத்துக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். தம் கோட்பாட்டை என்னிடம் ஒருமுறை விளக்கினார்:

“ஸ்டோர்ல இருக்கற கடைசி பேரிங்க எவன் வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதுங்க. மேனேஜரே வந்து நின்னாலும் இல்லீன்னு சொல்லிப்போடோணும். கடைசியா ஒண்ணு இருக்கற முட்டும் அது ஸ்டோரு. அதையும் தூக்கிக் குடுத்துப்போட்டா அது வெறும் ரூமுங்க.”

இந்த ஞானத்தைப் பேரிங்கோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் அவரை ரசித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் அதை மாத்திரைக்குக் கொண்டுவந்தார்.

மருத்துவர் ஐந்து நாளைக்கு எழுதிக்கொடுத்தால் மூன்றாம் நாள் மாலையே அவர் வீட்டில் சிகிச்சை நின்றுவிடும். காய்ச்சல் விட்டதா, இருமல் தணிந்ததா, அவ்வளவுதான். கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையின் மிச்சப் பகுதியை நறுக்கி எடுத்துவிடுவார். ஒருவேளை காய்ச்சல் விடாமல் ஐந்து நாளும் விழுங்க வேண்டி வந்தாலும், கடைசி மாத்திரையைத் தொட மாட்டார். அட்டையை வழித்துத் துடைத்துக் காலி செய்வது அரிசிப்பானையைக் கவிழ்த்து வைப்பதைப் போல அவருக்கு.

“அஞ்சு நாளைக்கு எழுதற டாக்டருக்கு மூணாம் நாளே சரியாப் போயிரும்னு தெரியாதுங்களா? தெரிஞ்சேதான் எழுதறாருங்க. மெடிக்கல்காரன் பொழைக்கோணுமில்லீங்க?” என்பார்.

“மூணாம் நாள் சரியானது உங்களுக்குங்ணா. உள்ள இருக்கற கிருமிக்கு இன்னும் சரியாகலை. மாத்திரையை முடிச்சிருங்க.”

‘முடிச்சிருங்க’ என்று நான் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் ஒரு கணம் சுளித்துக்கொள்ளும். அறிவுரை பிடிக்காத முகம் என்று எடுத்துக்கொண்டேன்.

நறுக்கி எடுத்தவை ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். ஆலையிலிருந்து கொண்டுவந்திருந்த பழுப்பு உறைகளில் அவை வகைபிரிக்கப்பட்டிருக்கும். நறுக்கியதில் மருந்தின் பெயர் பெரும்பாலும் மறுபாதியோடு போயிருக்கும் என்பதால், பிரிப்பதற்கு அவருக்கு இருந்த ஒரே ஆதாரம் நிறம். ரோஸ் நிறத்தவை ஓர் உறை, இரட்டை நிறக் குளிகைகள் ஓர் உறை, வெள்ளையில் நீளமானவை ஓர் உறை. மேலே பென்சிலால் ‘சளி’, ‘பல்லு’, ‘வவுறு’, ‘நீர்க்கடுப்பு’ என்று எழுதியிருப்பார். ஓர் உறையின் மேல் ‘எதுக்குனாலும்’ என்று இருந்தது. அந்த உறைதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பருத்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பகுதியில் வேலை பார்ப்பவள். சளியையும் சீழையும் சிறுநீரையும் கிண்ணங்களில் வளர்த்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று எழுதிக்கொடுப்பது என் தொழில். பகலெல்லாம் எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளைப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்பினால், அவை உருவாகும் இடத்தின் அடுத்த கதவு என்னுடையது.

அவரை மட்டும் இகழ்வது நியாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும். பேருந்து நிறுத்தத்து மருந்துக்கடையில் “காய்ச்சலுங்க, ரெண்டு வேளைக்கு ஒரு செட்டுப் போடுங்க” என்று கேட்டால் நான்கு மாத்திரைகளைத் துண்டுக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். அதில் ஒன்று எப்போதும் ஆன்டிபயாட்டிக். பட்டம் பெற்றவர்களும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். “கொஞ்சம் பவரா எழுதுங்க” என்று நோயாளி கேட்டால் எழுதிவிடும் மருத்துவர்களையும் எனக்குத் தெரியும். இந்த ஊரில் சாதாரண ஜலதோஷத்துக்குக் கிடைக்கும் மரியாதை இருக்கிறதே, அது வேறெந்த நோய்க்கும் கிடைப்பதில்லை. ஆனாலும் கடைக்காரர் விற்றார், மருத்துவர் எழுதினார். இவர் சேமித்துவைத்து விருந்து வைத்தார். எனக்கு இவர்மீதுதான் கோபம்.

விருந்து என்று சொன்னது மிகையில்லை. வெள்ளகோவில் பக்கம் அவருடைய ஒறம்பரை, அதாவது உறவுக்காரர், வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு அவரோடும் அவர் மனைவியோடும் நானும் ஒரே காரில் போனேன். முதல்நாள் மாலை, மாப்பிள்ளையின் பெரியப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டோர்ஸ்காரர் கைப்பையிலிருந்து ‘பல்லு’ உறையை எடுத்தார். சிவப்பும் மஞ்சளுமான குளிகை ஒன்று, வலி மாத்திரை ஒன்று. “இத இப்ப போடுங்க. காலீல இன்னொண்ணு. அதுக்கு மேல வேண்டீதில்லைங்க.” மறுநாள் அந்தப் பெரியப்பா முகூர்த்தப் பந்தலில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரருக்குக்கூடக் கிடைக்காத கவனிப்பு ஸ்டோர்ஸ்காரருக்குக் கிடைத்தது; முதல் பந்தியில் இலைக்கு இரண்டு பேர் நின்று பரிமாறினார்கள்.

“பாத்தீங்களா அம்மணி” என்றார் என் பக்கம் குனிந்து.

“வலி போனது வலி மாத்திரையாலங்ணா. அந்தக் குளிகைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.”

“ரெண்டும் ஒரே பொட்டலத்துலதானுங்களே போச்சு? எது போயி வலியப் போகச் சொல்லுச்சுன்னு நமக்கு எதுக்குங்க?”

இப்படிப்பட்டவரோடு விவாதிப்பது ஆற்றை எதிர்த்து நீந்துவதைவிடக் கடினம். ஆறு பதில் பேசாது.

ஒருமுறை அவர் என்னை வென்றும்விட்டார். மனைவியைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு எங்கள் மருத்துவமனைக்கு அழைத்துவந்திருந்தவர், முடிவு வரும்வரை பொழுது போகாமல் என் அறை வாசலில் வந்து நின்றார். நான் நுண்ணோக்கியின் கீழ் ஒரு கண்ணாடித் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்கு ஒரு பாடம் கற்பித்துவிடலாம் என்ற நப்பாசையில் அழைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“கொஞ்சம் ஊதாவா இருக்குது. கொஞ்சம் ரோஸா இருக்குது. ஏனுங்க, கிருமீல கலர் வேற இருக்குதுங்களா?”

“சாயம் ஏத்தறது நாங்கதாங்ணா. ஊதாவுக்குச் சுவர் ரொம்பத் தடிமன். அடுக்கடுக்கா இருக்கும். ஊதாச் சாயம் உள்ள போனா மாட்டிக்கும், வெளிய வராது. ரோஸுக்குச் சுவர் மெலிசு. ஸ்பிரிட்டை ஊத்துனா ஊதா கழுவிட்டுப் போயிரும், அப்பறம் ரோஸ் சாயம் ஏறும்.”

“அப்ப ரோஸுக்காரன் பலவீனமானவனுங்க.”

“அவன்தாங்ணா எம்டன். மெலிசுச் சுவத்துக்கு வெளிய இன்னொரு காம்பவுண்டு வெச்சிருக்கான், கொழுப்புப் பூசுன காம்பவுண்டு. அதைத் தாண்டித்தான் மருந்து உள்ள போகோணும்.”

“காம்பவுண்டுன்னா கேட்டு இருக்கோணுமே?”

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. கல்லூரியில் படித்துவிட்டு வருகிறவர்கள் அதைக் கேட்பதில்லை. வெளிச்சுவரில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன என்றேன். உணவும் மருந்தும் அந்தத் துளைகளின் வழியாகவே நுழைகின்றன. பென்சிலின் வகை மருந்துகள் உள்ளே போய்ச் சுவர் கட்டும் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்கின்றன. சுவர் எழும்பாமல் கிருமி வீங்கி வெடிக்கிறது. ஆனால் சில கிருமிகளுக்குத் துளைகள் குறைவு. இன்னும் சிலவற்றில், நுழைந்த மருந்தை இரண்டு சுவர்களுக்கும் இடையிலேயே மடக்கி வெட்டிப்போடும் ஆயுதமும் உண்டு.

“அட, நம்ம மில்லேதானுங்க! கேட் பாஸ் இல்லாம நொழஞ்சவன, ஆபீசுக்குப் போறதுக்குள்ள வாட்ச்மேன் நடு வாசல்ல புடிச்சுப்போடுவான்.”

“அதேதாங்ணா. அரைகுறையா மருந்து குடுக்கக் குடுக்க, கேட்டு பெருசா வெச்சிருக்கறவன் சாவான். கேட்டு இல்லாதவனும் வாட்ச்மேன் வெச்சிருக்கறவனும்தான் மிச்சம் இருப்பான். அவன்தான் குட்டி போடுவான். மாத்திரைய நிறம் பாத்து எடுத்துக் குடுக்கறீங்களே, அதனால வர்றதுதான் இது.”

அவர் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“நீங்களும் கலர் பாத்துத்தானுங்களே அம்மணி பேர் வெக்கறீங்க? நாங்க பாத்தா மட்டும் பட்டிக்காடுங்களா?”

என்னோடு வேலை பார்க்கும் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அன்று முழுவதும் காந்தியது.

இனி அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரை அக்கா என்றும் அவர் என்னைக் கண்ணு என்றும் அழைத்துக்கொள்வோம். அக்காவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நீர்க்கடுப்பு அடிக்கடி வரும். கேட்டால் “சூடு கண்ணு” என்பார். இளநீரும் வெந்தயமும் குடிப்பார். அதற்கும் அடங்காதபோது ஸ்டோர்ஸ்காரர் உறையைத் திறப்பார். இரண்டு மாத்திரை, சில சமயம் மூன்று. எரிச்சல் அடங்கும். சில வாரங்கள் கழித்து மறுபடி வரும். மறுபடி இரண்டு, இந்தமுறை வேறு நிறத்தில்.

இது எனக்குத் தெரியும். ஒரே சுவர், டப்பாவின் மூடி திறக்கும் ஓசைகூடக் கேட்கும். சிறுநீரைக் கொடுங்கள், வளர்த்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொல்லவில்லை. கேட்கவா போகிறார் என்ற ஏளனம், சொல்லும் கடமையிலிருந்து என்னை விடுவித்திருந்தது. பொறுமைசாலி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பொறுமையாக இருப்பவர்கள் பலர் உள்ளுக்குள் வெறுமனே கைவிட்டவர்கள்தாம்.

ஆடி மாதத்துப் பிற்பகல் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று குடியிருப்பின் தகரக் கூரைகளையெல்லாம் தடதடக்க வைத்துக்கொண்டிருந்தது. அதனிடையே சுவரில் தட்டும் ஓசை கேட்டது. மூன்று அல்ல, விடாமல். ஓடினேன். அக்கா கட்டிலில் மூன்று போர்வைக்கு அடியில் பல் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தார். இடுப்பைத் தொட்டால் துள்ளினார். கட்டிலின் மேல் டப்பா திறந்து கிடந்தது.

“நேத்துப் புடிச்சுக் குடுக்கறனுங்க. எதுக்குமே கேக்க மாட்டீங்குதுங்க அம்மணி.” ஸ்டோர்ஸ்காரர் அக்காவின் கால்மாட்டில் நின்றிருந்தார்.

“என்ன குடுத்தீங்க?”

“நீர்க்கடுப்புக் கவர் பூராங்க.”

“பூராவா?”

“ஒண்ணு மட்டும் வெச்சிருக்கறனுங்க.”

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நறுக்கிய அட்டைத் துண்டில் ரோஸ் நிறத்தில் ஒன்று. மனைவி சாகக் கிடக்கும்போதும் கிடங்கை வெறும் அறையாக விடாத அந்த மனிதரை அப்போது நான் பார்த்த பார்வையை நல்லவேளையாக நானே பார்க்கவில்லை.

மருத்துவமனையில் சேர்த்தோம். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. மருத்துவர் வழக்கமான மருந்தை ஆரம்பித்துவிட்டு, “உங்க ரிப்போர்ட்டுக்குத்தான் மேடம் வெயிட் பண்றேன்” என்றார். அக்காவின் சிறுநீர் என் மேசைக்கே வந்தது. தகட்டில் எல்லாம் ரோஸ்.

மூன்றாம் நாள் காலை கிண்ணத்தைத் திறந்தேன். மருந்து தோய்த்த வட்டக் காகிதங்களைக் கிருமி பரப்பிய கூழின் மேல் பொத்தான்களைப் போல வைத்திருப்போம். மருந்து வேலை செய்தால் பொத்தானைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் தெளிந்த வட்டம் ஒன்று விழும். அந்தக் கிண்ணத்தில் பொத்தான்களின் விளிம்பு வரைக்கும் கிருமி மண்டியிருந்தது, மழைக்குப் பின் வரப்பில் புல் மண்டுவதைப் போல. ஓரத்தில் ஒரே ஒரு பொத்தானைச் சுற்றி மட்டும் வட்டம்.

மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு, ஸ்டோர்ஸ்காரரை வரவழைத்தேன். முறைப்படி நான் அதைச் செய்திருக்கக் கூடாது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவரை நிறுத்தி, மூடிய கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

“இது அக்கா உடம்புல இருந்து எடுத்ததுங்ணா. வட்டம் எங்க இருக்குதோ, அந்த மருந்து கேக்கும். எங்க இருக்குதுன்னு நீங்களே காட்டுங்க.”

கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொரு பொத்தானாகத் தேடினார். கிடங்கில் பொருள் தேடிப் பழகிய விரல், ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. ஓரத்துக்கு வந்ததும் நின்றது.

“இது ஒண்ணுதானுங்களா மிச்சம்?”

“ஆமாங்ணா. ஒண்ணே ஒண்ணு மிச்சம் வெச்சிருக்கீங்க.”

அவர் விரலை எடுக்கவில்லை. நான்தான் கிண்ணத்தை இறக்கினேன். நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: அவருடைய டப்பாதான் இதைச் செய்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. கிருமிகள் ஆயுதங்களைத் தமக்குள் கைமாற்றிக்கொள்பவை. அக்கா குடித்த தண்ணீரிலிருந்துகூட வந்திருக்கலாம். சில நோய்களுக்குச் சிகிச்சை நாட்களை மருத்துவர்களே இப்போது குறைத்துவருகிறார்கள். பெயர் தெரியாத மாத்திரைகளை இரண்டிரண்டாகக் கிருமிக்கு அறிமுகம் செய்துவைத்தது நல்லதல்ல என்பது மட்டும் உறுதி. இவ்வளவு நிதானமாக அன்று அவரிடம் நான் பேசவில்லை. எனக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு குற்றவாளி.

அந்த ஒற்றை மருந்து ஊசிமருந்து. நாளுக்கு ஒன்று வீதம் பத்து நாள் என்று மருத்துவர் எழுதினார். இரண்டாம் ஊசியிலேயே நடுக்கம் நின்றது. ஐந்தாம் ஊசியன்று அக்கா சாம்பாரில் உப்பில்லை என்றார். ஆறு ஊசி முடிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்ச நான்கையும் தினமும் காலையில் ஒரு செவிலி வந்து போட்டுவிட்டுப் போவார் என்று ஏற்பாடு. நான்கு குப்பிகளும் எங்கே இருந்தன என்று கேட்க வேண்டியதில்லை. பிஸ்கட் டப்பாவில்.

ஒன்பதாம் ஊசி போட்ட அன்று, ஆய்வகத்துக்கு அந்தச் செவிலியின் அழைப்பு வந்தது.

“மேடம், உங்க பக்கத்து வீட்டுக்காரரு நாளைக்கு வர வேண்டாம்னுட்டாருங்க. நல்லாப் போச்சாம். ஒண்ணு இருக்கட்டுமாம்.”

மாலையில் வீடு திரும்பும் வழியெல்லாம் அவருக்காக வாக்கியங்களைத் தீட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் ஸ்கூட்டர் இல்லை. அக்கா மட்டும் சமையற்கட்டில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். தீட்டி வைத்ததையெல்லாம் அக்காவிடம் கொட்டினேன்.

“எத்தனை தடவ சொல்லியிருக்கேன்க்கா, முடிச்சிருங்க, முடிச்சிருங்கன்னு. இந்த மருந்துக்கும் கிருமி தப்பிச்சா, அடுத்ததுக்கு எங்க போறது?”

அக்கா அவரைக்காயைக் கீழே வைத்தார்.

“முடி, முடின்னே சொல்றயே கண்ணு. ஊட்ல ஆராச்சும் அந்த வார்த்தையச் சொல்லுவாங்களா? நீ சொல்லிப்போட்டுப் போனா, அவரு அன்னைக்குப் பூரா வெசனமா உக்காந்திருப்பாரு. கடைசி மாத்தரைய முழுங்குனா ஆளும் முடிஞ்சு போயிருமோன்னு அவருக்குப் பயம். கிறுக்குன்னு எனக்கும் தெரியும். என்ன பண்றது?”

“வேற எப்படிக்கா சொல்றது?”

“நெறைக்கோணும்னு சொல்லு.”

அவ்வளவுதான். மீண்டும் அவரைக்காயை எடுத்துக்கொண்டார். அந்தச் சுவருக்கு இப்பால் எத்தனையோ வருடங்கள் இருந்திருக்கிறேன். எந்த மருந்து எந்தத் துளைக்குள் நுழையும் என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு மனிதருக்குள் நுழையாத சொல்லையே திரும்பத் திரும்ப அவர்மேல் எறிந்துவிட்டு, நுழையவில்லையே என்று அவரை இகழ்ந்தும் வந்திருக்கிறேன்.

அவர் திரும்பி வந்தபோது நான் வாசலிலேயே நின்றிருந்தேன். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்துவதில் தேவையில்லாத நேரத்தை எடுத்துக்கொண்டார்.

“ஏனுங்ணா, ஒம்பது ஊசி ஆச்சு. நாளைக்குப் பத்தாவது. அதோட நெறஞ்சுரும். நெறையாம உடலாங்களா?”

அவர் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பொறியைத் தேடுகிறவரைப் போல என் முகத்தைப் பார்த்தார்.

“இத நீங்க முன்னாடியே இப்பிடிச் சொல்றதுக்கென்னுங்க?” என்றார் கடைசியில், எரிச்சலோடு. உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை செவிலி வந்தார். ஊசி போடும் நேரம் முழுக்க ஸ்டோர்ஸ்காரர் வெளியே தண்ணீர்த் தொட்டியருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதை என் சாளரத்திலிருந்து பார்த்தேன். செவிலி போன பின் சுவரில் மூன்று தட்டு. நான் கதவைத் திறப்பதற்குள் அவரே வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். கையில் குப்பி.

“நெறஞ்சுதுங்க அம்மணி.”

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் ஒரு துளி இல்லை. அவர் வீட்டிலிருந்து நான் பார்த்த முதல் காலிப் பாத்திரம் அது. அடுத்த வருடமே அவர்கள் ஈரோட்டில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். அக்கா நலமாக இருக்கிறார். பண்டிகை நாட்களில் பேசுவார். அந்தக் குப்பியை மட்டும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அன்று காலை அதைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கியவர், வெளிக்கதவில் கை வைத்தபடி நின்று திரும்பினார். பழைய ஏளனம் முழுவதும் முகத்துக்கு வந்துவிட்டிருந்தது.

“ஏனுங்க, பத்து எழுதத் தெரிஞ்ச அந்த டாக்டருக்குப் பதினொண்ணுன்னு எழுதறதுக்குக் கை நோவுதுங்களா? பத்தும் நெறஞ்சிருக்கும், ஒண்ணு மிச்சமும் இருந்திருக்குமில்லீங்க?”